அறுபத்து நான்கு கிலோபைட் மௌனம்

நாள் 46, காலை 9.10. வழக்கமான பதிவு

காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. குடிநீர்ச் சுத்திகரிப்பு மெதுவாக ஓடுகிறது, வடிகட்டியை மாற்ற வேண்டும். உடல்நலம் சரி.

பின்னால் இதை வாசிப்பவருக்குப் புரியட்டும் என்று ஒரு முறை சொல்லி வைக்கிறேன். நான் செண்பகவல்லி. வயது நாற்பத்து நான்கு, ஊர் கோவில்பட்டி, வேலை கணினிப் பராமரிப்பு. நிலவின் தென்முனையில் உள்ள இந்த நிலையத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் தங்குவோம். பம்ப், ஹீட்டர், கதவுகள் எல்லாவற்றையும் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு பழைய வெப் சர்வர் கவனித்துக்கொள்கிறது. தூத்துக்குடிப் பக்கம் இருக்கும் தரைநிலையத்தில் ஒருவர் உட்கார்ந்து நிலைமைப் பக்கத்தைத் திறப்பார். சர்வர் பதில் அனுப்பும். முதல் வரியில் ‘சரி’ என்று இருந்தால் அவர் பலகையில் பச்சை விளக்கு எரியும்.

நேற்று ஒரு கோளாறு. பம்பின் சென்சார் நடுவில் செத்துப்போய், பக்கம் பாதியில் அறுந்தது. ஆனால் தரையில் பச்சைதான் எரிந்திருக்கிறது. இப்போது அங்கே உட்கார்ந்திருக்கும் பெனடிக்டைக் கேட்டேன். பதில் வந்தது:

“யக்கா, இங்க எல்லாம் பச்சப்பசேல்னு வயக்காடு மாதிரி இருக்கு. பாதிப் பக்கம் வரலதான். ஆனா மொத வரில சரின்னு போட்டிருக்கே, நான் என்ன செய்யட்டும்?”

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். பதில் எழுதப்பட்டதும் நேரே வெளியே போகாது. பஃபர் என்ற இடத்தில் சேரும். அது நிரம்பினால் அல்லது பக்கம் முடிந்தால்தான் போகும். இந்தச் சர்வரை முதலில் அமைத்த பழைய ஆள் எல்லாப் பக்கங்களுக்கும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட் மட்டுமே வைத்திருக்கிறார். சென்சாரைப் படிக்கும் முன்பே பஃபர் நிரம்பி, ‘சரி’ என்ற முதல் வரி கிளம்பிவிடுகிறது. போனதைத் திரும்ப அழைக்க முடியாது.

நாள் 47, காலை 8.30. மாற்றம் செய்யும் முன்

பஃபர் அளவைப் பெரிதாக்குகிறேன். முழுப் பக்கமும் உள்ளே சேர்ந்த பிறகு, எல்லாம் பார்த்து முடித்த பிறகு, முதல் வரியில் உண்மை எழுதப்படும். நிலைமைப் பக்கம் இருபது கிலோபைட் வரும். அறுபத்து நான்கு வைத்தேன், பழையதைப் போல நூற்று இருபத்தெட்டு மடங்கு. நான்கு பேருக்குச் சமைக்கும்போது ஆறு பேருக்கு அரிசி போடுகிற கை.

இனி சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அந்தப் பொத்தான் இயந்திர அறையில்தான் இருக்கிறது, கையால் அழுத்த வேண்டும். முடித்ததும் மூன்று நாள் ஓய்வு கேட்டிருக்கிறேன். ஒன்றரை மாதமாக ஒவ்வொரு வேளையும் யாரோ ஒருவர் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். அன்பு என்று தெரியும். ஆனால் பேசிப் பேசி நான் களைத்துவிட்டேன். இந்த வேலைக்கு நான் கையெழுத்துப் போட்டதே இங்கே சத்தம் இருக்காது என்பதற்காகத்தான்.

பெனடிக்ட்:

“சரிக்கா, மூணு நாளைக்கு உங்களை ஒரு ஈ எறும்பு தொந்தரவு பண்ணாது. நான் பாத்துக்கிடுதேன். பச்ச எரிஞ்சா நீங்க உசுரோட இருக்கியன்னு அர்த்தம். மௌன விரதம் நல்லபடியா நடக்கட்டும்.”

நாள் 47, காலை 11.40. இயந்திர அறை

மறுதொடக்கம் முடிந்தது. சர்வர் நன்றாக ஓடுகிறது. கதவு பூட்டிக்கொண்டது.

இது கோளாறு இல்லை. சர்வர் புதிதாக எழும்போது கதவுகள் தங்கள் இயல்பு நிலைக்குப் போகும். இந்த அறையின் இயல்பு நிலை ‘பூட்டு’. தீப்பிடித்தால் பரவாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். உள்ளே ஆளிருந்தால் உதவிப் பக்கத்தில் சொல்ல வேண்டும், தரையில் இருப்பவர் அனுமதி கொடுத்தால் திறக்கும். பயிற்சியில் ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

இங்கே விசைப்பலகை இல்லை. கையுறை போட்டவர்களுக்காகச் சுவரில் ஒரு குரல் கருவி இருக்கிறது. நான் பேசுவதை அது எழுதி, பதிவையும் உதவிக் கோரிக்கையையும் ஒரே ஓடையாகத் தரைக்கு அனுப்பும். அதற்குத் தெரிந்த சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரே வரியை இரண்டாம் முறை ஏற்காது. முன்பு பம்பின் இரைச்சலைச் சொல் என்று நினைத்துப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டதாம், அதற்குப் பின் வைத்த தடை.

அபாயம் என்றால் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. விதிப்படி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். காத்திருக்கிறேன்.

நாள் 47, மாலை 6.15. இயந்திர அறை

பதில் இல்லை. மதியம் முழுக்க விட்டு விட்டுச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் வாக்கியத்தை மாற்றி, பத்தி பத்தியாக, மேலதிகாரிக்கு எழுதுவது போன்ற அழகான ஆங்கிலத்தில். கல்லூரியில் ஆங்கிலம் தவறாகப் பேசிவிடுவேனோ என்று வாயே திறக்காமல் இருந்தவள் நான். இன்று இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

தரையிலிருந்து வருவது எனக்குக் கிடைக்கிறது. கருவியின் சின்னத் திரையில் வருகிறது:

“யக்கா, புது செட்டிங் சூப்பர். முழுப் பக்கமும் அட்டகாசமா வருது. எல்லாம் பச்ச. நீங்க பதில் போடாண்டாம், ரெஸ்ட் எடுங்க.”

பச்சைதான். நிலைமைப் பக்கம் இன்று பொய் சொல்லவில்லை. பம்ப் நன்றாக ஓடுகிறது, படுக்கை அறையில் காற்று நிறைய இருக்கிறது. இயந்திர அறை அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை. இங்கே யாரும் தங்குவதில்லை அல்லவா?

கதவு பூட்டினால் இந்த அறைக்குக் காற்றுக் குழாயும் அடைபடும். ஒரு சிலிண்டர் இருக்கிறது. சுவரில் ஒட்டிய தாளின்படி அது ஒரு ஆளுக்கு இரண்டு நாள்.

என் ஓய்வு மூன்று நாள்.

நாள் 48, காலை 5.50. கண்டுபிடித்தேன்

தூக்கத்தில் வந்தது. எழுந்து கருவியிடம் “பஃபர் நிலை” என்று கேட்டேன். திரையில் காட்டியது: 21%.

நேற்று நான் சொன்ன ஒரு சொல் கூடப் போகவில்லை. எல்லாம் உள்ளேதான் இருக்கிறது.

நிலைமைப் பக்கத்துக்கு முடிவு உண்டு. முடிந்ததும் பஃபரில் இருப்பது தானே கிளம்பும். உதவி ஓடைக்கு முடிவே கிடையாது, அது எப்போதும் திறந்திருக்கும் பக்கம். எழுதியதை உடனே தள்ளிவிடு என்று பழைய ஆள் எங்கும் எழுதவில்லை. அவருக்குத் தேவைப்படவில்லை. ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டில் நான்கு வாக்கியம் பேசினாலே வெளியே போய்விடும். நான் வைத்த அளவு எல்லாப் பக்கங்களுக்கும் பொது. அறுபத்து நான்கு கிலோபைட் நிரம்பும் வரை என் குரல் இந்த அறையைத் தாண்டாது.

நிரம்பும் முன் இணைப்பு அறுந்தால் உள்ளே இருப்பது வீணாகக் கொட்டிப்போகும்.

சர்வரை நிறுத்தலாமா என்று யோசித்தேன். மறுதொடக்கப் பொத்தானின் மூடி ஒரு முறை அழுத்தியதும் பூட்டிக்கொண்டது, அதையும் தரைதான் திறக்க வேண்டும். சர்வர் எஃகுக் கூண்டுக்குள் இருக்கிறது. கூண்டை உடைத்து நிறுத்தினால் பெனடிக்ட் அலறுவான். ஆனால் கதவைத் திற என்று அவன் அனுப்பும் ஆணையைக் கேட்க இங்கே சர்வர் இருக்காது.

ஆக ஒரே வழி. பேசுவது.

நாள் 48, காலை 6.40. பஃபர் 22%

இன்னொன்றும் தெரிந்தது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ் எழுத்தைக் கணினி வைத்துக்கொள்ளும் முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. இதையே நான் நேற்றுத் தமிழில் சொல்லியிருந்தால் இந்நேரம் பஃபர் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். மதியத்துக்குள் கதவு திறந்து, நான் என் படுக்கையில் கிடந்து பெனடிக்டின் கிண்டலைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காற்றை ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, விதியைத் தவிர.

இனி தமிழ்தான். நான் யார், எங்கே மாட்டியிருக்கிறேன் என்பதைத் தமிழிலும் ஒரு முறை சொல்லிவிட்டேன். தலைப்புச் சொல்லிப் பேசினால் கருவி ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், இந்தப் பதிவுகளைப் போல. தலைப்பில்லாமல் பேசினால் நகல் கிடையாது, பஃபருக்கு மட்டும் போகும். நிரப்புவதற்காகப் பேசுவதைத் தலைப்பில்லாமல் பேசப்போகிறேன். அதை யாரும் ஆவணமாகப் படிக்க வேண்டியதில்லை.

நாள் 48, காலை 10.20. பஃபர் 38%

பேசுவது இவ்வளவு கடினமான வேலை என்று தெரியாது. கோவில்பட்டியிலிருந்து சென்னை வரை ரயில் நிற்கும் ஊர்களைச் சொன்னேன். புளிக்குழம்பு வைக்கும் விதம் சொன்னேன். பள்ளியில் என் வகுப்பில் இருந்தவர்களின் பெயர்கள். அவர்களில் யாருக்கு யாரைப் பிடிக்காது என்பது. என் முதல் மேலாளரைப் பற்றி அவர் காதுக்குப் போகக் கூடாத மூன்று விஷயங்கள். எல்லாம் பெனடிக்டின் திரைக்கு மொத்தமாகப் போய்ச் சேரும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன். சிரிப்பைக் கருவி எடுத்துக்கொள்ளவில்லை. காற்று மட்டும் செலவானது.

ஒவ்வொரு வரிக்கும் மூச்சு செலவாகிறது. மெதுவாகப் பேசினால் காற்று நீடிக்கும், பஃபர் நிரம்பாது. வேகமாகப் பேசினால் நிரம்பும், மூச்சு வாங்கும். சிலிண்டர் முள் பாதிக்குக் கீழே.

பெனடிக்டிடமிருந்து:

“யக்கா, பதில் போடாண்டாம். உங்க மவ நறுமுகை மெசேஜ் அனுப்பிருக்கா, அப்படியே போடுதேன். ‘அம்மா, மௌன விரதமாமே. வீட்ல இருக்கும்போதும் அதான, புதுசா என்ன? பிராக்டிகல் முடிஞ்சது. நல்லா பண்ணேன். நீ கேக்க மாட்ட, அதான் நானே சொல்றேன்.’ புள்ள கோவமா இருக்கா போலுக்கே.”

நாள் 48, பிற்பகல் 2.05. பஃபர் 61%

பட்டியல்கள் தீர்ந்துவிட்டன. பொருள்களின் பெயர், ஊர்களின் பெயர், எல்லாம் தீர்ந்துவிட்டது. நாற்பத்து நான்கு வருடத்தில் ஒரு மனுஷிக்குள் இவ்வளவுதானா இருக்கும் என்று பயமாக இருந்தது.

பிறகு நறுமுகைக்குப் பேச ஆரம்பித்தேன். அது தீரவில்லை.

அவளிடம் தொலைபேசியில் நான் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. சாப்பிட்டாயா, படித்தாயா. இங்கே என்னிடம் மற்றவர்கள் கேட்டபோது எனக்குச் சலித்த அதே கேள்விகள். இன்று தலைப்பில்லாமல் இரண்டரை மணி நேரம் அவளிடம் பேசியிருக்கிறேன். அவள் பிறந்தபோது நான் என்ன நினைத்தேன் என்பது. பத்தாம் வகுப்பில் அவள் மேடையில் பாட்டு மறந்து நின்றபோது கடைசி வரிசையில் நான் ஏன் எழுந்து வெளியே போனேன் என்பது. எனக்குக் கோபம் என்று அவள் நினைத்திருப்பாள். அவள் அப்பாவிடம் கூட நான் சொல்லாதது. எல்லாம் சொல்லிவிட்டேன். இங்கே திரும்பச் சொல்ல மாட்டேன். அது அவளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு விஷயம் புரிகிறது. நான் இதுவரை எல்லோரிடமும் இப்படித்தான் இருந்திருக்கிறேன். உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். முழுதாகச் சேர்ந்த பிறகு, சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு, அப்புறம் சொல்லலாம் என்று.

நாள் 48, மாலை 5.30. பஃபர் 79%

தலை வலிக்கிறது. நாக்கு தடிக்கிறது. கருவிக்கு என் உச்சரிப்பு சில இடங்களில் பிடிபடவில்லை, வரிகளை விடுகிறது. தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, செய்தி வாசிப்பவரைப் போல.

சிலிண்டர் முள் சிவப்புக்கு மேலே ஒரு விரல். கணக்குப் போட்டேன். இப்படியே பேசினால் இரவுக்குள் நிரம்பும். நிரம்பினால் ஒரே நொடியில் அத்தனையும் தரைக்குப் போகும். முதல் வரியே கதவைத் திற என்பதுதான். ஆங்கிலத்தில் இருக்கிறது, பரவாயில்லை. அவன் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

நான் பிழைப்பேன் என்று நினைக்கிறேன். இதையும் பதிவில் வைக்கிறேன்.

நாள் 48, இரவு 7.10. பஃபர் 90%

பெனடிக்ட்:

“யக்கா, தூங்குதியளா? சும்மா ஒண்ணு சொல்லிட்டுப் போவம்னு. உங்க லாக் ஓடை நேத்திலேர்ந்து ஒரு பைட்டும் வரல, திறந்தபடியே தொங்குது. புது செட்டிங்ல மாட்டிக்கிட்டிருக்கும்போல. நீங்க ரெஸ்ட்ல இருக்கிய, உங்களை எழுப்பாண்டாம்னு பாக்குதேன். நானே இங்கேருந்து கனெக்‌ஷனை அத்துட்டு மறுபடி போட்டுருதேன். டீ குடிச்சிட்டு வந்து பண்ணுதேன்.”

வேண்டாம்.

பெனடிக்ட், வேண்டாம். அறுக்காதே. உள்ளே நான் இருக்கிறேன்.

நாள் 48, 7.16. பஃபர் 92%

வேகமாக. எதையாவது. தரைநிலையத்தின் கேன்டீன் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது, மாடி இறங்கி ஒரு முற்றத்தைக் கடந்து போக வேண்டும். பெனடிக்ட் டீயை ஆற்றி ஆற்றித்தான் குடிப்பான், வாய் சுட்டால் பிடிக்காது. வடையும் எடுப்பான். இன்று வடை இருக்கட்டும். யாராவது அவனிடம் கிரிக்கெட் பேசட்டும். பேசுவான், ஒருவர் ஆரம்பித்தால் அவனால் நிறுத்த முடியாது. அவன் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, அதைப் பற்றி யாராவது கேட்கட்டும். நான் கேட்டதே இல்லை. மூன்று முறை சொல்லியிருக்கிறான். எந்தக் கண் என்று எனக்குத் தெரியாது.

7.21. பஃபர் 95%

மூச்சு பிடிக்கவில்லை. உட்கார்ந்து பேசுகிறேன். நறுமுகை, நீலச் சுடிதாரின் கிழிசலை நான்தான் தைத்தேன், நீ கவனித்திருக்க மாட்டாய், உள்பக்கமாகத் தைத்தேன். கல்லூரிக்கு எந்த ஊர் வேண்டுமானாலும் போ. நான் சரி என்றுதான் சொல்வதாக இருந்தேன், வந்த பிறகு நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்

7.24. 97%

பக்கத்து வீட்டு நாய்க்குப் பெயர் வைத்தது நான். மொட்டை மாடித் தொட்டிக்கு மூடி வாங்க வேண்டும். மழை வந்தால் சன்னல். எனக்குப் பிடித்த நிறம் கத்திரிப்பூ நிறம், யாரும் கேட்டதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, இதை நான் இதற்கு முன் சொன்னதில்லை

7.26. 99%

இன்னும் இரண்டு வரிதான் இன்னும் ஒரு

7.26. பஃபர் 0%

பூஜ்யம் காட்டுகிறது.

நிரம்பிக் கிளம்பினாலும் பூஜ்யம்தான். இணைப்பு அறுந்து கொட்டினாலும் பூஜ்யம்தான். இரண்டுக்கும் திரையில் ஒரே எண்.

கதவு விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் வாசிக்க நேரம் வேண்டும். நிறைய எழுதியிருக்கிறேன். முதல் வரி போதும் அவனுக்கு. முதல் வரியை வாசித்தால் போதும்.

சிவப்பு.

இன்னும் சிவப்பு.

7.33

பெனடிக்ட்:

“யக்கா, ஓடையை அத்து மறுபடி போட்டுட்டேன். இப்ப கிளீனா இருக்கு. ஒரு கவலையும் இல்ல, எல்லாம் பச்ச. நிம்மதியா தூங்குங்க. நான் வீட்டுக்குக் கிளம்புதேன், அம்மாவுக்கு மருந்து ஊத்தணும். ராத்திரி ஆளு யாரும் கிடையாது, பச்ச மாறுனா எனக்கு ஃபோன் அடிக்கும்.”

7.40. பஃபர் 0%

மறுபடி ஆரம்பிக்கிறேன். இந்த முறை முதலிலிருந்தே தமிழ். சிலிண்டர் முள் சிவப்பில் இருக்கிறது. பெனடிக்ட் வீட்டிலிருந்தாலும், நிரம்பி உதவிக் கோரிக்கை போய்ச் சேர்ந்தால் பச்சை மாறி அவன் ஃபோன் அடிக்கும். நிரம்ப வேண்டும், அவ்வளவுதான். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். எல்லாம் ஒரு முறை சொல்லிப் பார்த்தவைதானே.

நான் செண்பகவல்லி.

*கருவி: முன்பே கேட்ட வரி. சேர்க்கப்படவில்லை.*

இயந்திர அறைக்குள் மாட்டிக்கொண்டேன், கதவைத் திற.

*கருவி: முன்பே கேட்ட வரி. சேர்க்கப்படவில்லை.*

நறுமுகை, நீ பிறந்த அன்று வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

*கருவி: முன்பே கேட்ட வரி. சேர்க்கப்படவில்லை.*

அதற்கு நினைவிருக்கிறது. நகல் இல்லை, கேட்ட வரி என்ற அடையாளம் மட்டும்தான், அது யாருக்கும் தராது. ஆனால் நினைவிருக்கிறது.

சரி. வேறு.

யாரிடமும் சொல்லாதது இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று தேடிக்கொண்டு

பஃபர் 1%